தகவல் தந்தவர், உறவுமுறை

புதுவயலில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது
நெல் அவியும் வாசம்.
அப்புறம்தான் முகவரி.

உடையப்பன், வயது முப்பத்தெட்டு,
அரிசி ஆலையில் கணக்கு.
தன்னை முடித்துக்கொண்டு ஏழு மாதம்.
என் பையில் நாற்பத்தொரு பக்கப் படிவம்.
நான்காம் பக்கம், பதினேழாம் கேள்வி:
கடைசி ஒரு மாதம் தூக்கம் எப்படி இருந்தது?

"நல்லாத்தான் தூங்குனாக" என்றாள் அடைக்கம்மை.
மேசை ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தாள்.
"படுத்தா கட்டை மாதிரி.
நான் எழுப்பித்தான் எந்திரிப்பாக."

தேவகோட்டை ரஸ்தாவில் அக்கா தேனம்மை:
"எங்கே தூங்குனான்?
ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும்.
சாப்பிட்டியான்னு கேப்பான்.
ரெண்டு மணிக்கு, சாப்பிட்டியான்னு."
பிறகு குரலை இறக்கி,
"அவதான் காரணம்னு எழுதிக்கம்மா."
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
இருந்திருந்தாலும்.

ஆலையில் மூட்டை எடைபோடும் சவரிமுத்து,
பதினோரு வருஷக் கூட்டாளி:
"சிரிச்சுக்கிட்டே இருப்பான் மேடம்.
கவலையத்த மனுஷன்."
சொல்லிவிட்டு, ஒன்றும் ஏற்றாத தராசின்
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் வண்டியைத் திருப்பும்போது ஓடிவந்தார்.
"கடன் கேட்டான். தர்றேன்னு சொல்லிட்டு
நாலு நாள் நான் போனை எடுக்கல.
இதை எழுத வேணாம்."

எழுதவில்லை.

ஒவ்வொரு பேட்டியின் கீழும் ஒரு வரி:
தகவல் தந்தவரின் நம்பகத்தன்மை,
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.
அடைக்கம்மைக்கு என்ன போட?
கண்ணை மூடிப் படுத்திருப்பவன்
பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தூங்குகிறவன்தான்.
தேனம்மைக்கு என்ன போட?
பழைய சீர்த் தகராறு
ஏழு மாதத்தில் ஞாபகமாகப் பழுத்திருக்கலாம்,
போன் வந்ததும் நிஜமாக இருக்கலாம்.
மூவருக்கும் மூன்று போட்டேன்.
என் நம்பகத்தன்மைக்கு யாரும் வட்டமிடச் சொல்லவில்லை.

ஒப்பீட்டுக்கு உயிரோடிருக்கும் ஒருவர் வேண்டும்.
அதே ஊர், ஏறக்குறைய அதே வயது.
வீட்டாரிடமும் கேட்க வேண்டும், அவரிடமும் கேட்க வேண்டும்;
இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று
அப்போதுதான் அளக்க முடியும்.
செத்தவரிடம் சரிபார்க்க முடியாதல்லவா.
சீட்டில் விழுந்த பெயர் வீரசேகரன்,
மோட்டார் காயில் சுற்றுபவர், தெற்குத் தெரு.

முதலில் மனைவி அழகுமீனாள்.
பதினேழாம் கேள்விக்குச் சிரித்தாள்.
"தூக்கமா? குறட்டையில ஓடு பறக்கும்."

பிறகு பட்டறையில் அவர் மட்டும்.
அதே கேள்வி.
செம்புக் கம்பியின் சுற்றை எண்ணிக்கொண்டிருந்தவர்
எண்ணிக்கையை விட்டுவிட்டார்.
"குறட்டை நானா விடுறதுங்க.
அது கேட்டாத்தான் அவ தூங்குவா."

இருபத்தொன்பதாம் கேள்வி.
வாழ்ந்து பயனில்லை என்று தோன்றியதுண்டா?
"ம்."
இப்போதுமா, என்றேன். அது படிவத்தில் இல்லை.
ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது.
கம்பியின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.
"ம்."

பேனாவை மூடினேன்.
அவங்களைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.
ரொம்ப நேரம் கழித்து,
"நீங்களே கூப்பிடுங்க. என்னால ஆகாது."

அழகுமீனாள் மாவுக் கையோடு வந்தாள்.
முழுவதும் கேட்டாள். அழவில்லை.
கையைக் கழுவிவிட்டு
பட்டறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காரைக்குடி பெரியாஸ்பத்திரிக்கு
மூன்று டிக்கெட் நான் எடுத்தேன்.
கண்டனூர் தாண்டியதும் என் காதருகே கேட்டாள்,
"அப்ப இத்தனை வருஷமா நான் கேட்டது?"

என்னிடம் பதில் இல்லை.
முன்சீட்டில் அவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து
கண்ணை மூடியிருந்தார், சத்தமில்லாமல்.
தூங்குகிறாரா என்று
நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே போனோம்.